கணக்கில் சேராத ஆட்டம்

ஹோபார்ட்
24 பிப்ரவரி 1997

ஐவோ,

இது மன்னிப்புக் கடிதம் இல்ல. முதல் வரியிலயே சொல்லிடுறேன், பாதி படிச்சிட்டு எங்கடா மன்னிப்புன்னு தேடாதே. போன் பண்ணினா என் குரல் கேட்டதும் வச்சிடுறே. உங்க அம்மாகிட்டப் பேசலாம்னா நீ பிடுங்கி வைக்கிறியாம். காகிதத்தை அப்படி வைக்க முடியாதுல்ல, அதான்.

உன்கிட்ட சொல்லாம கையெழுத்துப் போட்டது தப்பு. எட்டு வருஷம் ரக்பி ஆட்டத்துல ஒரே முன்வரிசையில உன் தோளோட தோளைப் பிணைச்சு முட்டினவன் நான். உன் தங்கச்சி நேதாவைக் கட்டினவன். நீ கேப்டன் வேற. நான் புது லீக்குக்குப் போறதை நீ நிலக்கரித் துறைமுகத்துல வேலைக்கு நடுவுல ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டே. அந்த அவமானம் என்னாலதான். ஆனா கையெழுத்துப் போட்டதுக்கு நான் வருத்தப்படல. அது வேற, இது வேற.

பணத்துக்காகப் போயிட்டான்னு ஊரே பேசுதாம். பணமும் உண்டு, ஒத்துக்கிறேன். ஆனா இங்க வந்த மூணு வாரத்துல நான் என்ன பாத்தேன்னு கேளு. பழைய லீக்ல நாம என்ன பண்ணினோம்? பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு அஞ்சு தடவை எதிராளி மேல போய் முட்டுவோம். ஆறாவது தடவை எவனாவது பந்தை உதைப்பான். அப்புறம் அவங்க வந்து நம்ம மேல முட்டுவாங்க. இதையே எட்டு வருஷம் பண்ணிட்டு அதுக்கு வீரம்னு பேர் வச்சோம். இங்க கோச் நியூசிலாந்துக்காரர். பந்து நிக்கவே கூடாதுங்கிறார். முன்வரிசை ஆளும் ஓடிட்டே பந்தைக் கை மாத்தணும். முப்பத்தோரு வயசுல எனக்கு ஓடக் கத்துக் குடுக்கிறாங்கடா! முதல் நாள் வாந்தி எடுத்தேன். ரெண்டாவது நாளும்.

உங்க லீக்ல பன்னெண்டு கிளப், எங்க லீக்ல பத்து. ஒரே நாட்டுல, ஒரே வருஷத்துல, ஒரே விளையாட்டுக்கு ரெண்டு கோப்பை. எது உசத்தின்னு செப்டம்பருக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும். எனக்கு இப்பவே தெரியும்.

கோச் இன்னொரு முன்வரிசை ஆள் தேடுறார். உன் பேரைச் சொல்லியிருக்கேன்.

நான் எழுதுறது நேதாவுக்குத் தெரியாது.

டாரில்


மெரிட் பே
11 மார்ச் 1997

ப்ரோஸ்னன்,

மன்னிப்பு கேக்கலன்னு எழுதியிருக்கே. சந்தோஷம். கேட்டிருந்தா அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்.

என் பேரை எவன்கிட்டயும் சொல்லாதே.

முதல் ஆட்டம் சனிக்கிழமை நடந்துச்சு. மழை. சாதா மழை இல்ல, குடை திரும்பிக்கிற மழை. ஜனவரியில ரெண்டாம் நம்பர் சுரங்கத்தை மூடிட்டான், உனக்குத் தெரியும். வேலை போன அத்தனை பேரும் வந்து நின்னாங்க. ஏழாயிரத்து இருநூறு பேர். முப்பதாயிரம் பேர் இருக்கிற ஊர்ல.

நீ உன்னோட நாலு பேரைக் கூட்டிட்டுப் போயிட்டே. உன் இடத்துல யார் ஆடுறான் தெரியுமா? ரஸ்ஸல் டிங்கிள். ஆமா, மீன் கடை ரஸ்ஸல்தான். முப்பத்தெட்டு வயசு. ஆட்டத்தை விட்டு மூணு வருஷம் ஆச்சு. போய்க் கூப்பிட்டேன். கையில இருந்த கத்தியை வச்சிட்டு, "எப்போ பயிற்சி?"ன்னு மட்டும் கேட்டான். இடைவேளைக்கு முன்னாடி அவன் காது பாதி கிழிஞ்சு தொங்குச்சு. தச்சுக்கிட்டு வந்து மறுபடி நின்னான். பன்னெண்டுக்குப் பத்துன்னு ஜெயிச்சோம். தரத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வராதே.

அஞ்சு தடவை முட்டுறதை நக்கல் பண்றே. அதுல ரெண்டு தடவை உனக்கு வர வேண்டிய அடியை நான் வாங்கினேன். அதையும் கணக்குல எழுதிக்கோ.

கிளப்ல மாட்டியிருந்த உன் படத்தை எடுத்தாச்சு. யாரோ எடுத்தாங்கன்னு நினைச்சுக்காதே. நான்தான் ஏணி போட்டு ஏறி எடுத்தேன்.

நேதாவைப் பத்திரமா பாத்துக்கோ. இந்த ஒரு வரி உனக்கில்ல, அவளுக்கு.

ஐவோ மாருசிச்


ஹோபார்ட்
20 ஏப்ரல் 1997

மச்சான்,

நீ ப்ரோஸ்னன்னு எழுதினா எழுது, நான் மச்சான்னுதான் எழுதுவேன். உறவைக் கழட்டிப் போட ஏணி பத்தாது.

முதல் சொந்த ஊர் ஆட்டத்துக்குப் பதினஞ்சாயிரம் பேர் வந்தாங்க. உங்க ஏழாயிரத்தை விட ரெண்டு மடங்கு. இது ரக்பி லீக்கே தெரியாத ஊர்! இந்த ஊர்ல வேற கால்பந்துதான் ஆடுவாங்க, பக்கத்துக்கு நாலு கம்பம் வச்சு ஆடுற அந்த நீள்வட்ட மைதானக் கால்பந்து. கடையில ஒரு அம்மா என்னை நிறுத்தி, "தம்பி, உங்க மைதானத்துல ரெண்டு கம்பம் காணலையே, திருடிட்டுப் போயிட்டாங்களா?"ன்னு கேட்டா. சத்தியமா. நாங்க தப்பு பண்றப்ப கை தட்டுறாங்க, ஸ்க்ரம்ல ரெண்டு பக்கமும் தோளைப் பிணைச்சு முட்டினா சிரிக்கிறாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு. நம்ம ஊர்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ரொட்டி வாங்கப் போனாக்கூட போன வாரம் பந்தை நழுவ விட்டதைச் சொல்லிக் காட்டுவாங்க.

ஆக்லாந்து அணியோட ஆடினோம். நாற்பத்தாறுக்குப் பத்துன்னு தோத்தோம். நீ சிரிப்பேன்னு தெரியும், சிரி. அவங்க ஓரத்துல ஆடுற ஒரு பையன் என்னைத் தாண்டிப் போனான். நான் அவன் சட்டையைப் பிடிச்சேன்னு நினைச்சேன், கையில காத்துதான் இருந்துச்சு. இருபது வருஷமா இந்த விளையாட்டை ஆடுறேன், இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. தோத்துட்டு வீட்டுக்கு வந்து நேதாகிட்ட ஒரு மணி நேரம் அதையே பேசினேன். பழைய லீக்ல ஜெயிச்சுட்டு வந்தாக்கூட நான் பேசாம தூங்கத்தான் போவேன். தரம்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

சவால் விடுறேன். எங்க பட்டியல்ல கடைசியில நிக்கிறது நாங்கதான். நாங்களே உங்க பன்னெண்டுல பாதிப் பேரை அடிப்போம். உங்களை நிச்சயமா அடிப்போம். ரஸ்ஸலோட ரெண்டு காதையும் சேர்த்து.

இன்னொரு சேதி. அக்டோபர்ல நீ மாமா ஆகப்போறே.

டாரில்


மெரிட் பே
13 மே 1997

ப்ரோஸ்னன்,

பதினஞ்சாயிரம் பேரா? ரெண்டு பால் பாக்கெட் வாங்கினா ஒரு டிக்கெட் இலவசமாமே. நேதா போன்ல அம்மாகிட்ட சொன்னா. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கத்தை கத்தையா அனுப்பினாங்களாம். நாளைக்கே நானும் கசாப்புக் கடையில இறைச்சியோட டிக்கெட் குடுத்தா என் ஊர் நாயெல்லாம் வரும். அதையும் எண்ணிக்கோ.

இங்க ஒரு ஆள் விடாம காசு குடுத்து வர்றான். வேலை இல்லாதவனும் குடுக்கிறான். வாசல்ல நிக்கிறவங்க, "பெரியவரே, சும்மா போங்க"ன்னு சொன்னா அவனுக்குக் கோபம் வருது.

அப்புறம் உன் தரம். நாற்பத்தாறு புள்ளி ஒருத்தன் எடுத்தா அது ஆட்டமா, ஓட்டப் பந்தயமா? யாரும் யாரையும் மடக்கிப் பிடிக்கலன்னா எவன் வேணாலும் அழகா ஓடலாம். என் பூனை கூட ஓடும். போன ஞாயித்துக்கிழமை சிட்னியில முதலிடத்துல இருக்கிற அணியோட ஆடினோம். எண்பது நிமிஷம், எட்டுக்கு ஆறு. எங்களுக்குத்தான் ஆறு. என் மூக்கு உடைஞ்சுது. அவங்க கேப்டன் கடைசியில வந்து கை குடுத்தான், அந்தக் கையில மூணு விரலைச் சேர்த்துக் கட்டியிருந்துச்சு. உன் ஆக்லாந்துப் பையன்கிட்ட கேளு, தன்னை எவனாவது கையால தொட்டிருக்கானான்னு.

குழந்தை சேதி கேட்டு அம்மா அழுதா. நான் வெளியே போய் காரைக் கழுவினேன். காலையிலதான் ஒரு தடவை கழுவியிருந்தேன்.

உன் சவாலை ஏத்துக்கிட்டேன். எங்க வேணா வா, எப்போ வேணா வா. வரமாட்டே.

ஐவோ


ஹோபார்ட்
6 ஜூலை 1997

ஐவோ,

இந்தக் கடிதத்தைத் தனியா படி.

பால் பாக்கெட் விஷயம் உண்மை. அப்போ எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்போ கொஞ்ச நேரம் உடை மாத்துற அறையில உக்காந்திருந்தேன். போன வாரம் பனி மழையில மூவாயிரம் பேர் வந்தாங்க. ஆனா அந்த மூவாயிரம் பேரும் டிக்கெட் வாங்கினவங்க. இப்போ ஸ்க்ரம் போட்டா சிரிக்கிறதில்ல, கத்துறாங்க. கம்பத்தைத் தேடின அந்தக் கடைக்கார அம்மா என் பேரை எழுதின அட்டையைப் பிடிச்சுக்கிட்டு முன் பெஞ்சுல வந்து உக்கார்றா. அவளை நான் விட்டுக் குடுக்க மாட்டேன். இதை நீ எண்ணிக்கைன்னு சொன்னாலும் சரி, சொல்லலன்னாலும் சரி.

விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு லீக்கும் ரகசியமா பேசிட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கும் கை கடிச்சிடுச்சு. அடுத்த வருஷம் ஒரே லீக். இருபத்திரெண்டு கிளப்பைப் பதினாலாக் குறைக்கிறாங்க. எங்க மேலாளர் சாப்பாட்டு மேசையில பட்டியலைக் காட்டினார், வெளியே சொன்னா வேலை போயிடும்னு சொல்லித்தான் காட்டினார். ஹோபார்ட் அதுல இல்ல. எங்களை மூடப் போறாங்க. இன்னும் ஆட்டக்காரங்களுக்கே தெரியாது.

மெரிட் பேயும் இல்ல. உங்களை ஒரு சிட்னி கிளப்போட சேர்க்கிறாங்க. சேர்க்கிறதுன்னு சொல்றாங்க, முழுங்குறதுதான். பேர் அவங்களோடது, மைதானம் அவங்களோடது, சிவப்பு கறுப்புச் சட்டை கிடையாது. உங்க தலைவர் ராலி ஸ்டெனட் அந்தக் கூட்டத்துல உக்காந்திருந்தார். தலையாட்டிட்டும் வந்துட்டார்.

நீ என்னைத் துரோகின்னு நினைச்சே. ஒரு தடவை சொல்லாம இருந்தேன், அதுக்கு. இந்தத் தடவை சொல்லிட்டேன்.

டாரில்


மெரிட் பே
29 ஜூலை 1997

டாரில்,

நம்பல. நாலு நாள் நம்பல. பொறாமையில எழுதுறான்னு நினைச்சேன். அஞ்சாவது நாள் ஸ்டெனட்டைத் தேடிப் போனேன். கிளப்புக்குப் பின்னாடி புல்வெளியில வெள்ளைத் தொப்பி போட்டுட்டு நாலு கிழவங்களோட பந்து உருட்டிட்டிருந்தார். அவங்க முன்னாடியே கேட்டேன்.

"ராலி, அடுத்த வருஷம் நாம எந்தச் சட்டை போடுறோம்?"

அவர் பந்தைக் கீழ வைக்கல. "யார் சொன்னது உனக்கு?"

"அப்போ உண்மைதான்."

"ஐவோ, உள்ள வா, உக்காந்து பேசுவோம்."

"இங்கயே பேசுங்க. இவங்களும் உறுப்பினர்தான்."

"உனக்கு ஒரு இடம் இருக்குடா அந்த அணியில. நான் பேசி வாங்கியிருக்கேன். மத்தவங்களைப் பத்தி..." அதோட நிறுத்திட்டார். அந்தக் கிழவங்கள்ல ஒருத்தர் அவர் கையில இருந்த பந்தை வாங்கி, துடைச்சு, பெட்டியில வச்சுப் பூட்டினார்.

அன்னைக்குச் சாயங்காலம் பயிற்சி நடக்கல. எல்லாரும் மைதானத்து நடுவுல உக்காந்தோம். நான் உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். எழுதினது நீன்னு சொல்லித்தான் படிச்சேன்.

மே மாசம் எங்க வேணா வான்னு எழுதினேன். அப்போ அது வாய்ச்சவடால். இப்போ நிஜமா எழுதுறேன். பூட்டுறவங்க எங்களைப் பூட்டட்டும், உங்களைப் பூட்டட்டும். பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம். பழைய லீக், புது லீக். எண்பது நிமிஷம், நிஜ விதிகள், நிஜ ஸ்கோர். செப்டம்பர் 27, சனிக்கிழமை. ரெண்டு லீக்கும் ஒரு வருஷமா டிவியில நாங்கதான் உசத்தி, நாங்கதான் உசத்தின்னு கத்துறாங்க. ஒருத்தனாவது இன்னொருத்தனோட ஆடிப் பாத்தானா?

பதினேழு பேர் வருவாங்களா உன்கிட்ட?

ஐவோ


ஹோபார்ட்
24 ஆகஸ்ட் 1997

மச்சான்,

வர்றோம்.

எப்படின்னு சொல்றேன். மூடப் போறதை முதல்ல எங்க ஆளுங்ககிட்ட சொன்னேன். அப்புறம் உன் கடிதத்தைப் படிச்சேன். வைரெமுன்னு நியூசிலாந்து மாவோரி இனத்து ஆள் ஒருத்தன் எங்க பின்வரிசையில, பேசவே மாட்டான். அவன்தான் முதல்ல கேட்டான்.

"இவங்க எப்படி ஆடுவாங்க?"

"முட்டுவாங்க," ன்னேன்.

"எவ்வளவு நேரம்?"

"நீ வீட்டுக்குப் போற வரைக்கும்."

"நல்லது," ன்னு கையைத் தூக்கினான். அவனுக்குப் பின்னாடி மத்தவங்களும், என்னையும் சேர்த்து மொத்தம் பத்தொன்பது கை. பதினேழு பேர்தான் வேணும்னு நான் ரெண்டு பேரைக் கெஞ்சி உக்கார வச்சேன்.

மேலாளருக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு நாள்ல வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. இந்த ஆட்டத்துல கால் வைக்கிறவனுக்கு அடுத்த வருஷம் எந்தக் கிளப்புலயும் இடம் கிடையாதாம். உங்களுக்கும் அதே நோட்டீஸ் வந்திருக்கும், வரி மாறாம. இந்த ரெண்டு லீக்கும் இதுவரைக்கும் ஒரு விஷயத்துலயும் ஒத்துப்போனதில்ல. நம்ம ஆட்டத்தைத் தடுக்கிறதுல ஒத்துப்போயிட்டாங்க. பாரேன், நாமதான் அவங்களைச் சேத்து வச்சிருக்கோம்.

கிளப் பஸ் கிடையாது, விமானம் கிடையாது. தீவோட வடகோடியில டெவன்போர்ட் துறைமுகம் வரைக்கும் எவன் எவன் காரோ. அங்கிருந்து கப்பல்ல மெல்பர்ன். அங்கிருந்து வைரெமு சித்தப்பாவோட கால்நடை லாரி கம்பெனி ஒரு பழைய பஸ் தருது. நேதாவும் வர்றா. எட்டு மாசம், வேண்டாம்னு சொன்னேன். "என் அண்ணனும் என் புருஷனும் அடிச்சுக்கிறதை நான் ரேடியோவுல கேக்கணுமா?"ன்னா. டாக்டர் விமானத்துல போகக் கூடாதுன்னாராம். கப்பலைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையாம். இவளும் கேக்கல.

டாரில்


மெரிட் பே
9 செப்டம்பர் 1997

மாப்பிள்ளை,

ஸ்டெனட் நம்ம மைதானத்தைப் பூட்டிட்டார். பூட்டட்டும். விவசாயக் கண்காட்சி நடக்கிற மைதானத்தை ஊராட்சி குடுத்துடுச்சு. போன மாசம் வரைக்கும் மாடு கட்டியிருந்தாங்க, அதனால ஓரமா விழாதீங்க. கோடு நாங்க சுண்ணாம்புல போட்டோம், நூல் பிடிச்சுத்தான் போட்டோம். கம்பத்தை வேலை போன சுரங்கத்துக்காரங்க ரெண்டு நாள்ல வெல்டிங் வச்சு நிறுத்திட்டாங்க.

நடுவர்தான் பிரச்சினையா இருந்துச்சு. ரெண்டு லீக் நடுவரும் வரமாட்டான். கடைசியில டாட் ஹாலொரன் ஒத்துக்கிட்டா. ஞாபகம் இருக்கா, தபால் குடுக்கிறவ, சின்னப் பிள்ளைங்க ஆட்டத்துக்கு நடுவரா நிப்பாளே. அவ ஒரு நிபந்தனை போட்டா: "என்கிட்ட எவனாவது ஒரு கெட்ட வார்த்தை பேசினா வெளியே அனுப்பிடுவேன். மாருசிச், முக்கியமா உன்னைச் சொல்றேன்."

உங்க ஆளுங்க எல்லாரும் வீடுகள்ல தங்கலாம். தங்க வச்சுக்கிறோம்னு நிறைய பேர் கேட்டாங்க, குடுக்க ஆள் பத்தல. ரஸ்ஸல் வைரெமுவை எடுத்துக்கிட்டான். நேதா அம்மாவோட இருக்கட்டும், அம்மா இப்பவே முட்டைக்கோஸ் இலையில இறைச்சியைச் சுத்திச் சார்மா பண்ணி ஃப்ரீசரை நிரப்பிட்டா. நீ என் வீட்டுல தங்கக் கூடாது. ஆட்டத்துக்கு முன்னாடி நாள் உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துடும். அப்புறம் எப்படி உன்னை முட்டுறது?

ஐவோ


மெரிட் பே
8 அக்டோபர் 1997

மாப்பிள்ளை,

பொண்ணு பிறந்த சேதி கேட்டு அம்மா ஜாடியை உடைச்சிட்டா. டானிட்சாங்கிற பேர் நல்லா இருக்கு. ப்ரோஸ்னன்தான் கொஞ்சம் இடிக்குது.

இப்போ ஆட்டத்துக்கு வா. கடைசி ட்ரை. நாலு நிமிஷம் இருக்கு, பதினெட்டுக்குப் பதினாறுன்னு நாங்க முன்னாடி நிக்கிறோம். நீ ஓடி வந்தே. டாரில் ப்ரோஸ்னன் ஓடி வந்தான்! எட்டு வருஷத்துல நீ ஓடி நான் பாத்ததில்ல. நீ முட்டுவேன்னு நினைச்சு நான் தோளைக் கீழ போட்டேன். நீ முட்டல. ஒரு கையால, பாக்காமலே, பின்னாடி வந்த அந்த வைரெமுகிட்ட பந்தைக் குடுத்தே. நான் உன்னைத்தான் கட்டிப் பிடிச்சுட்டுக் கிடந்தேன், அவன் கோட்டைத் தாண்டிக் கம்பத்துக்கு அடியில பந்தை வச்சான், ட்ரைக்கு நாலு புள்ளி. கூடவே உதையும் உள்ள போச்சு, அதுக்கு ரெண்டு, மொத்தம் இருபத்திரெண்டு. அந்தப் பந்து முன்னாடி போச்சுடா. ஒரு சாண் முன்னாடி. முன்னாடி போனா ட்ரை கிடையாது. டாட் பாக்கல. அவகிட்ட கேட்டேன், பத்து நிமிஷம் வெளியே உக்காரச் சொல்லிட்டா. மிச்சம் இருந்ததே மூணு நிமிஷம்!

வெளியே உக்காந்துதான் கூட்டத்தைப் பாத்தேன். வாசல்ல தீயணைப்புக்காரங்க எண்ணினாங்க, பதினோராயிரத்து நானூறு. வேலி மேல, லாரி மேல, மாட்டுக் கொட்டகைக் கூரை மேல. சிட்னியில இருந்து வந்த பத்திரிகைக்காரன் ஒருத்தன் என் பக்கத்துல நின்னான். "எந்த லீக் உசத்தின்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டான். போடா அந்தப் பக்கம்னு சொன்னேன். டாட் அதுக்கும் திரும்பிப் பாத்தா.

நீ சொன்னதுல பாதி சரி. அந்த ஓட்டம் எங்களுக்கு வராது. ஆனா முதல் நாற்பது நிமிஷம் உங்காளுங்க மூச்சு வாங்கினதை நான் காதால கேட்டேன். எங்க முட்டல் உங்களுக்கு வராது.

தடை உத்தரவு வந்தாச்சு. பதினேழு பேருக்கும். ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன்.

ஐவோ


ஹோபார்ட்
16 நவம்பர் 1997

மச்சான்,

இதை எழுதுறதை ஒரு வாரமா தள்ளிப் போட்டேன். இந்தத் தடவையும் நீ ரேடியோவுல கேக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

கிளப்பை மூடிட்டாங்க. கடைசி நாள் கம்பத்தை அறுத்து எடுத்துட்டுப் போனாங்க. நான் மீன் பதப்படுத்துற இடத்துல பெட்டி தூக்குறேன். அது பரவாயில்ல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சிட்னி கிளப் ஒண்ணுல இருந்து போன் வந்துச்சு. முன்வரிசை ஆள் வேணுமாம், ஓடத் தெரிஞ்ச ஆள். தடையை நீக்கிடுவாங்களாம். அதுக்கு ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும்.

தாளை அப்படியே சொல்றேன். 'செப்டம்பர் 27 அன்று மெரிட் பேயில் நடந்தது வெறும் வேடிக்கை நிகழ்ச்சி. அது ஆட்டம் அல்ல. அணிகள் இல்லை. ஸ்கோர் எதுவும் குறிக்கப்படவில்லை.' ஏன்னு கேட்டேன். அடுத்த வருஷம் ஒரே லீக், சமாதானம், எல்லாரும் சமம்னு விளம்பரம் பண்றாங்களாம். ஒரு லீக் இன்னொரு லீக்கை அடிச்சதா எங்கயும் இருக்கக் கூடாதாம்.

நேதா போடாதேன்னா. குழந்தையைக் கையில ஏந்திக்கிட்டு நின்னு போடாதேன்னா. எனக்கு முப்பத்திரெண்டு ஆகப் போகுது ஐவோ. இன்னும் ரெண்டு வருஷம் ஆட முடியும். அந்த ஓட்டத்தை இப்போதான் கத்துக்கிட்டேன். அதை மீன் பெட்டிக்கு நடுவுல விட்டுட்டுப் போக முடியல.

போட்டுட்டேன்.

என் வாழ்க்கையில ஆடினதுலயே நல்ல ஆட்டம் அது. அது நடக்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ இதுக்குப் பதில் போடலன்னா எனக்குப் புரியும்.

டாரில்


மெரிட் பே
30 நவம்பர் 1997

டாரில்,

கோபம்தான். ரெண்டு நாள் தணியல. மூணாவது நாள் அதே தாள் எனக்கும் வந்துச்சு.

ஒரு ஆள் கொண்டு வந்தான். நல்ல கோட்டு. துறைமுகத்துல நான் வேலை செய்ற இடத்துக்கே வந்துட்டான், கோட்டெல்லாம் கரித்தூசி. அந்தச் சிட்னி கிளப்போட சேர்ந்த அணியில எனக்கு இடம் காலியா இருக்காம், ஸ்டெனட் சிபாரிசாம். தாளை நீட்டினான். படிச்சேன். நீ எழுதின அதே வரிங்கதான்.

"ஸ்கோர் குறிக்கலன்னு போட்டிருக்கே," ன்னேன். "பதினோராயிரம் பேர் பாத்தாங்க."

"அதெல்லாம் நாள் போனா மறந்துடும், மிஸ்டர் மாருசிச்."

"எனக்கு மறக்காது."

அவன் சிரிச்சான். கெட்டவன் மாதிரி இல்ல, ஒரு உதவி பண்ற மாதிரிதான் சொன்னான். "உங்களுக்கு இதுல என்ன நஷ்டம்? யோசிச்சுப் பாருங்க, தோத்தது நீங்கதானே? இல்லாத ஆட்டத்துல யாரும் தோக்க முடியாது. உங்களுக்குத்தான் இது லாபம்."

அந்த நிமிஷம் வரைக்கும் என்ன பண்றதுன்னு எனக்கு நிஜமாவே தெரியல. நீ சொன்ன எல்லாம் எனக்கும் இருக்கு. எனக்கும் வயசாகுது, எனக்கும் ஆடணும். ஆனா அவன் அதைச் சொன்னதும் ரஸ்ஸல் கண்ணு முன்னாடி வந்து நின்னான். எழுபதாவது நிமிஷம், ஸ்க்ரம்ல என் பக்கத்துல, வாயெல்லாம் ரத்தம். "இன்னும் எவ்வளவு நேரம்?"னு கேட்டான். பத்து நிமிஷம்னேன். "கம்மியா இருக்கே," ன்னான். அவன் தோத்தது நிஜம். அதை யாரும் அவன்கிட்ட இருந்து எடுத்துக்க முடியாது.

அந்தக் கோட்டுக்காரன் பேனாவையே வாங்கினேன். அச்சடிச்சதையெல்லாம் குறுக்க அடிச்சேன். கீழ எழுதினேன்: ஆட்டம் நடந்தது. ஹோபார்ட் 22, மெரிட் பே 18. நாங்க தோத்தோம். ஐவோ மாருசிச், கேப்டன்.

தாளை அவன்கிட்ட உடனே குடுக்கல. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கச் சொன்னேன். டாட் தபால் போடுற மாதிரி வீடு வீடா எடுத்துட்டுப் போனா. பதினேழு கையெழுத்தும் வாங்கிட்டு வந்தா. கடைசியில நடுவர்னு எழுதி அவளும் போட்டா. அந்த ஆள் வாங்கிட்டு, கோட்டைத் தட்டிட்டுப் போயிட்டான். பத்திரிகைக்கு ஒரு நகல் போயிருக்கு.

அடுத்த வருஷம் நான் மாவட்ட லீக்ல ஆடுவேன். சிவப்பு கறுப்புச் சட்டையில. டிவி கிடையாது, மைதானத்துக்குக் கூரை கிடையாது. வேலை போனவங்க இப்பவே சீசன் டிக்கெட் கேக்கிறாங்க.

நீ சிட்னிக்குப் போ. போய் நல்லா ஓடு. உன்னை எவனாவது அந்த ஆட்டம் நடந்துச்சான்னு கேட்டா, நீ கையெழுத்துப் போட்டவன், இல்லைன்னுதான் சொல்லணும். சொல்லு. சொல்லிட்டு என்கிட்ட அனுப்பு. நடந்துச்சுன்னு ஜெயிச்சவன் சொன்னா, பெருமைக்குச் சொல்றான்னு எவனும் நினைப்பான். தோத்தவன் நான் சொல்றேன், நீங்க எங்களை அடிச்சீங்கன்னு. அதை எவன் வந்து இல்லைன்னு சொல்லுவான்?

ஐவோ